அறியாதிருக்க உரிமை உண்டா?

ஒருவரின் இரத்தத்திற் சிறிது எடுத்துச் சோதித்து, "உமக்கு இன்ன வியாதி வரப்போகிறது, அதைக் குணமாக்க மருந்தில்லை" என்று வைத்தியர் சொல்லக்கூடிய காலம் இது. சொல்லக்கூடியதாயிருந்தால், அதைக் கேட்டறிவது மனிதனின் கடமையா? கேளாமல் விடுவது கோழைத்தனமா? அன்பான வாசகர்களே, இக்கேள்வியை ஏட்டளவிலன்றித் தம் வாழ்விலேயே சந்தித்த ஒரு பெண்மணியை முன்வைத்துச் சிந்திப்போம்.

நான்சி வெக்ஸ்லர் 1945இல் அமெரிக்காவிற் பிறந்தவர். அவருடைய தாயார் லியோனோர் 1968இல் ஒருநாட் காலை லொஸ் ஏஞ்சல்ஸ் நகரத் தெருவொன்றைக் கடந்துகொண்டிருந்தார். அவரது தள்ளாட்டத்தைக் கண்ட பொலிஸ்காரர், விடிந்ததும் விடியாததுமாய்க் குடித்திருக்க வெட்கமில்லையா என்று கேட்டார். அம்மையார் குடித்திருக்கவில்லை. ஹன்டிங்டன் என்னும் வியாதி அவரைப் பீடித்திருந்தது. மூளையின் கலங்கள் சிறுகச் சிறுக அழிய, கைகால்கள் தம்பாட்டில் ஆடும், பேச்சுக் குழறும், புத்தி தடுமாறும். பெரும்பாலும் முப்பதுக்கும் ஐம்பதுக்கும் இடைப்பட்ட வயதில், அதாவது பிள்ளைகளைப் பெற்றபின்னரே, அது தலைகாட்டும். நோயாளியின் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வருவதற்குச் சரிபாதி வாய்ப்புண்டு. லியோனோரின் தகப்பனும் மூன்று சகோதரரும் இதற்கே இரையானவர்கள்.

செய்தியறிந்த நான்சியும் தமக்கை அலிசும் தாங்கள் பிள்ளை பெறுவதில்லை என முடிவெடுத்தனர். நான்சி 1974இல் மிச்சிக்கன் பல்கலைக்கழகத்தில் உளவியற் கலாநிதியானார். இவ்வியாதி வருமோ வராதோ என்ற அச்சத்தோடு வாழ்வோரின் மனநிலையே அவரது ஆய்வுப் பொருள். பின்னாளில் நியூயோர்க் கொலம்பியா பல்கலைக்கழகத்திற் பேராசிரியரானார்.

ஆனால் அவரது உண்மையான வகுப்பறை வெனிசுவேலா நாட்டின் மரக்காய்போ ஏரிக்கரை. அங்குள்ள ஏழை மீனவக் கிராமங்களில் உலகில் வேறெங்குமில்லாத அளவுக்கு இவ்வியாதி மலிந்திருந்தது. 1979 முதல் இருபது வருடங்களுக்கு மேலாக அவரும் குழுவினரும் ஆண்டுதோறும் சென்று, நாலாயிரத்துக்கு மேற்பட்டோரின் இரத்தத்தைச் சேகரித்து, 18,000 பேரடங்கிய வம்சாவழியை வரைந்தனர். இரத்தம் கொடுக்க அம்மக்கள் முதலில் தயங்கினார்கள். வந்த வெள்ளைக்காரிக்கும் இதே தலைவிதி இருக்கலாம் என்பதையும், ஆராய்ச்சிக்காகத் தோல் வெட்டியெடுத்த தழும்பு அவர் கையிலும் இருப்பதையும் கண்டபின் மனம் இளகினர். கைநீட்டிக் கொடுத்தவர்களுக்கும் வாங்கியவருக்கும் அந்தத் தழும்பே உறவாயிற்று.

அவ்விரத்தத்தின் உதவியால் 1983இல் நாலாம் நிறமூர்த்தத்தில் வியாதியின் அடையாளமும், 1993இல் அதற்குக் காரணமான பரம்பரை அலகும் கண்டுபிடிக்கப்பட்டன. எண்பதுகளிலேயே, வியாதி வருமா என்று முன்கூட்டிச் சொல்லும் பரிசோதனையும் கைக்கெட்டியது. அதற்கு வழிதிறந்த நான்சியோ, நெடுநாள் யோசித்து, தாம் அதைச் செய்விப்பதில்லை என்று விட்டுவிட்டார்.

இது முரண்பாடல்லவா என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. சலரோகமோ இரத்த அழுத்தமோ இருக்கிறதா என்று பார்க்க மறுப்பவர் குற்றவாளிதான். ஏனெனில் அறிந்தால் மருந்துண்டு, அவரை நம்பிய குடும்பமுண்டு. குணமாக்கும் வழியில்லாத ஒன்றின் நாளைக் குறித்து வைப்பது வேறு. இறைவன் நமக்கு மறைத்து வைத்த நாளையை அவர் கையிலேயே விட்டுவிட்டு இன்றைய வேலையைச் செய்வது கோழைத்தனமல்ல. முன்கூட்டி அறிந்து தன் காரியங்களை ஒழுங்குசெய்ய விரும்புகிறவரையும் நாம் பழிக்க நியாயமில்லை.

ஆனால் அறியாதிருப்பது வேறு, மறைப்பது வேறு. சம்பந்தம் பேசும் வீட்டில் பரம்பரை வியாதியை மூடிமறைப்பது எவருக்கும் உரிமையல்ல. அது மற்றவரை ஏமாற்றுவது. இன்னொன்றும் உண்டு. கருவிலுள்ள சிசுவுக்கும் இப்பரிசோதனையைச் செய்யலாம். அதன் உயிரையும் நலனையும் காக்கும் நோக்கோடு செய்யும் சோதனையைத் திருச்சபை தடுக்கவில்லை. அழிக்கும் எண்ணத்தோடு செய்வதைக் கடும் பாவமென்று 1987இல் வத்திக்கான் வெளியிட்ட போதனை தெளிவாகச் சொல்கிறது. நாற்பது வருடம் நலமாய் வாழக்கூடிய ஒருவரை, நாற்பத்தோராம் வருடத்தின் பெயரால் பிறக்கவிடாமற் செய்ய நாம் யார்? லியோனோர் பிறந்திராவிட்டால் நான்சியும் இல்லை.

மறைப்பினால் மிக வருந்துகிறவர்கள் நோயாளிகளே. குடிகாரர் என்றும் சாபம் பெற்றவர் என்றும் ஒதுக்கப்பட்டு அறைக்குள் அடைபட்டவர்கள் எத்தனையோ பேர். மறைந்த பாப்பரசர் பிரான்சிஸ் 2017 மே 18ஆம் நாள், மரக்காய்போவிலிருந்து வந்தவர்கள் உட்பட இவ்வியாதிக் குடும்பங்களை வத்திக்கானில் வரவேற்று, இனி ஒருவரும் ஒளிக்கப்படக்கூடாது என்றார். நடுங்கிக்கொண்டிருந்த அவர்களை அணைத்து ஆசீர்வதித்தார்.

நான்சியின் நடையிலும் பேச்சிலும் மாற்றம் காண்பதை நண்பர்கள் சில வருடங்களாகவே கவனித்து வந்தார்கள். அவரோ அதைப்பற்றி வெளியிற் பேசவில்லை. 2020இல், எழுபத்துநாலு வயதில், தமக்கும் தாயாரின் வியாதியே என்பதைப் பத்திரிகைக்கு வெளிப்படையாகச் சொன்னார். தம்மைப்போன்றவர்கள் வெட்கப்பட்டு ஒளிந்திருக்கக்கூடாது என்பதே அதற்கு அவர் கூறிய காரணம்.