உபாயமும் உழவாரமும்

கல்வியின் பயன் யாதென வினவினால், அறிவு என்பர் சிலர். ஒழுக்கம் என்பர் சிலர். உத்தியோகம் என்பர் பலர். இம்மூன்றனுள் எதனையும் நாம் மறுக்கின்றிலேம். ஆயினும், பன்னாட் படித்துத் தேறிய ஒருவன், முன் கண்டறியாத இடுக்கண் ஒன்று எதிர்ப்பட்டபோது செய்வதறியாது திகைப்பானாயின், அல்லது அதன் சுமையைப் பிறர் தலைமேல் ஏற்றித் தான் தப்பிக்கொள்வானாயின், அவன் பெற்ற அறிவும் ஒழுக்கமும் எங்கே போயின என்று கேட்டல் முறையன்றோ? புதிய இடுக்கணுக்குப் புதிய உபாயம் காணும் ஆற்றலை மாணாக்கரிடத்து வளர்த்தல் எங்ஙனம்? அவ்வாற்றல் அறத்தின் வழுவாது நிற்றல் எங்ஙனம்? சைவ பாடசாலை ஆசிரியர்கள் சிந்தித்தற்குரிய இவ்விரு வினாக்களையும் ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

நம் சித்தாந்த சாத்திரங்கள் அறிவுக்கு வாயிலாகக் காட்சி, கருதல், உரை என மூன்று அளவைகளைக் கூறும். இந்நாளில் வகுப்பறையிலே பெரிதும் வழங்குவது உரை ஒன்றே. நூல் சொல்லும், ஆசிரியர் விரிப்பர், மாணாக்கன் மனனஞ் செய்வான். உரையளவை இழிந்ததென்பது எம் கருத்தன்று. பெரியோர் வாக்கே நமக்குப் பற்றுக்கோடு. ஆனால் காட்சியோடு இயையாத உரை ஏட்டளவில் நின்றுவிடும். இவ்விரண்டையும் இணைத்து, கண்டதிலிருந்து காணாததை உய்த்துணர்வது கருதல். உபாயம் பிறக்குமிடம் அதுவே. ஆகவே, இலக்கியம் உரையாகவும், கிராமம் காட்சியாகவும், தொண்டு அவ்விரண்டையுங் கூட்டும் கருதலுக்கு இடமாகவும் அமையுமாயின், அக்கல்வி முற்றிய கல்வியாகும்.

இதற்கு நாம் அயல்நாட்டு நூல்களைத் தேடி அலையவேண்டுவதில்லை. பெரியபுராணத்தில் இளையான்குடிமாற நாயனார் சரித்திரத்தை எடுத்துக்கொள்வோம். வறுமையுற்ற காலத்து, மழை பொழியும் நள்ளிரவிலே அடியார் ஒருவர் பசித்து வருகின்றார். வீட்டில் அரிசி இல்லை, விறகு இல்லை, கறி இல்லை. அன்று வயலில் விதைத்த நெல்முளையை வாரிவந்தால் அமுதாக்கலாம் என்னும் உபாயத்தைச் சொன்னவர் மனைவியார். நாயனார் இருளிலே காலால் வழி தடவிச் சென்று முளைநெல்லை வாரிவந்தார். விறகுக்கு வீட்டுக் கூரையின் மரத்தை அறுத்தார். முற்றாத பயிரைப் பறித்துக் கொடுக்க, அம்மையார் அதனையே பல கறிகளாக ஆக்கினார்.

இச்சரித்திரத்தைக் கற்பிக்கும்போது, "நாயனார் என்ன செய்தார்?" என்று மாத்திரம் வினவினால் நினைவையே சோதித்தவராவோம். "இல்லாதவை எவை? உள்ளவை எவை? உள்ளதைக் கொண்டு இல்லாததை எவ்வாறு நிரப்பினர்?" என்று வினவினால் சிந்தனை எழும். இன்னும் ஒரு வினா உண்டு, அதுவே தலையாயது. "உபாயத்தின் விலையை இறுத்தவர் யார்?" நாயனார் அயலான் வயலில் முளை வாரினாரல்லர், அயலான் கூரையை அறுத்தாரல்லர். தம் வித்தும், தம் கூரையும், தம் உடலுழைப்புமே விலையாயின. தந்திரசாலிக்கும் தொண்டனுக்கும் உள்ள வேற்றுமை இதுவாம். தந்திரசாலியின் உபாயத்துக்கு விலை கொடுப்பவன் பிறன். தொண்டன் தானே கொடுப்பான்.

தண்டியடிகள் சரித்திரமும் இத்தகையதே. திருவாரூரிலே பிறவிக் குருடராகிய அவர் திருக்கோயிற் குளம் தூர்ந்து குறுகியது கண்டு வருந்துவோர் நடுவே, கல்லத் துணிந்தார். குளத்துள்ளே ஒரு தறியும் கரையிலே ஒரு தறியும் நட்டு, இடையே கயிறு கட்டி, அதனைக் கையால் தடவிச் சென்று மண்ணை வெட்டிக் கூடையிற் சுமந்து கொட்டினார். கண்ணுக்குப் பதில் கயிறு! எத்துணை எளிய கருவி. எத்துணை நுண்ணிய அறிவு! எள்ளினோர் தறியையும் கயிற்றையும் பறித்த பின்னும் அவர் துணிவு குன்றவில்லை. குறையுடையோனுக்கு அறிவில்லையென்று கருதும் மாணாக்கனுக்கு இதனினுஞ் சிறந்த பாடம் வேறெது?

இனிக் காட்சிக்கு வருவோம். மட்டக்களப்பின் வடபால், கோறளைப்பற்றிலே, வாகரைக்குச் செல்லும் வழியில் கடலை அடுத்து உள்ளது மாங்கேணி. அதனையடுத்துக் காயான்கேணி, பனிச்சங்கேணி என்னும் ஊர்களும் உள. நீர்நிலையைக் குறிக்கும் கேணி என்னுஞ் சொல்லைப் பெயரிலே தாங்கிய இவ்வூர்களுக்கு நன்னீர் எத்துணை அரிய செல்வம் என்பதைப் பெயரே உணர்த்துகின்றது. தண்டியடிகளின் குளத்தை ஏட்டில் படிக்கும் மாங்கேணிச் சிறுவனுக்கு, அதே பாடம் தன் முற்றத்துக் கிணற்றிலும் எழுதப்பட்டிருக்கின்றதன்றோ?

கடற்கரை மணலின் கீழ் நன்னீர் உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. நன்னீர் உவர்நீரினும் நொய்தாதலின். கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நிற்குமாயின், கீழே ஏறக்குறைய 40 அடி ஆழம்வரை நன்னீர் இருக்கும் என்பது நிலநீர் நூலார் கணக்கு. மேலே சிறிது குறையினும் கீழே உவர்நீர் பெரிதும் ஏறிவரும் என்பது இதனாற் பெறப்படும். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை இக்கரையில் ஏறியபோது கிணறுகளெல்லாம் உவர்ப்புற்றன. உதவி செய்ய வந்தோர் நன்னோக்கத்தோடு நீர்ப்பம்பிகளைக் கொண்டு அக்கிணறுகளை மீட்டும் மீட்டும் இறைத்தனர். பிற்பாடு கிழக்குக் கரையோரக் கிணறுகளை ஆராய்ந்தோர் கண்டது யாது? மிகுதியாக இறைத்தமையால் கீழிருந்த உவர்நீர் மேலேறி, சில கிணறுகளில் தீங்கு நீடித்தது. மண்ணைக் கழுவித் தூய்மை செய்தது பெரும்பாலும் பருவமழையே என்பதாம். அன்பு இருந்தது, உழைப்பு இருந்தது, நிலத்தின் இயல்பை அறியும் அறிவு உடன் செல்லவில்லை. விலை கொடுத்தவன் கிணற்றுக்காரன்.

ஆதலின் உபாயமில்லாத தொண்டும் தீங்காகலாம். தொண்டில்லாத உபாயமும் தீங்காகலாம் என்று துணிகின்றோம்.

ஈண்டு ஓர் ஆசங்கை எழும். பிறருடைய துன்பத்தைச் சிறுவரின் பாடப்பொருளாக்குதல் தகுமோ? ஏழையின் குடிசையும் விதவையின் வற்றிய கிணறும் மாணாக்கன் புள்ளி பெறுதற்குக் கருவியாகலாமோ? இவ்வாசங்கையை நாம் எளிதிற் புறக்கணிக்க மாட்டேம். கொடிதூக்கிச் சென்று, ஒருநாள் குப்பை கூட்டி, படம் எடுத்துக்கொண்டு மீளும் தொண்டைப் பலவிடத்துங் காண்கின்றோம். அங்கே கழுவப்படுவது வீதியன்று. வளர்க்கப்படுவது நான் என்னும் ஆணவமே.

திருவீழிமிழலையிலே பஞ்சம் வந்தபோது சம்பந்தரும் அப்பரும் அடியார்க்கு அமுதளிக்கப் படிக்காசு பெற்றனர். தம் மடத்தில் மாத்திரம் அமுது காலந்தாழ்த்து வருவதன் காரணத்தைச் சம்பந்தர் வினவி அறிந்தார்; தாம் பெற்ற காசு வட்டங் கொடுத்து மாற்றவேண்டியதாயிருந்தது. அப்பர் பெற்ற காசு வாசியில்லாதது. அவர் உழவாரப்படை ஏந்திக் கைத்தொண்டு செய்தமையே காரணமென்று சேக்கிழார் சரித்திரம் கூறும். ஆசங்கைக்கு விடை இங்கே உள்ளது. கைத்தொண்டு பிறனை நமக்குக் கருவியாக்குவதன்று. நம்மைப் பிறனுக்குக் கருவியாக்குவது. மாணாக்கன் முதலிலே கேட்கவேண்டும், பின்னரே செய்யவேண்டும். வலை பின்னும் முதியவரும், தண்ணீர் சுமக்கும் தாயும் அவனுக்கு ஆசிரியராக வேண்டும். தொடர்ந்து செய்ய இயலாததைத் தொடங்கலாகாது. செய்ததற்குப் பெயர்ப்பலகை நாட்டலாகாது.

நம் முன்னோர் இவ்வழியையே காட்டினர். 1848இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய ஆறுமுக நாவலரவர்கள், 1877இல் யாழ்ப்பாணத்தில் பஞ்சம் உற்றபோது கஞ்சித்தொட்டித் தருமம் நடத்திப் பசித்தோரை ஊட்டினார்கள். பெரியபுராணத்தை வசனமாக்கிய கையே கஞ்சிக்கும் வழி செய்தது. காரைதீவிற் பிறந்த விபுலானந்த அடிகள், விஞ்ஞானமும் தமிழும் ஒருங்கே கற்று, சிலப்பதிகாரத்திற் கிடந்த குறிப்புக்களைக் கணிதத்தோடும் ஒலிநூலோடும் பொருத்தி, வழக்கொழிந்த யாழின் இயல்பை ஆராய்ந்து 1947இல் யாழ்நூலை வெளியிட்டார்கள். இலக்கியம் இடுக்கணைத் தீர்க்கும் பயிற்சியாதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? அவ்வடிகளே கல்லடி உப்போடையிலே சிவானந்த வித்தியாலயத்தை எழுப்பி, ஆதரவற்ற சிறுவரையும் பேணினார்கள்.

"பரீட்சை நெருங்குகின்றது, காலம் எங்கே?" என்று ஆசிரியர் சிலர் வினவுவர். வினா நியாயமானதே. ஆயின் நாம் வேண்டுவது புதிய பாடமன்று. உள்ள பாடத்திலே மாதம் இரண்டு வேளை. முதல் வேளையில் ஒரு சரித்திரத்தைப் படித்து, மேற்சொன்ன வினாக்களை எழுப்புக. இரண்டாம் வேளையில் ஊருக்குள்ளே சென்று ஒன்றைக் காண்க. எத்தனை கிணறு, எவ்வளவு ஆழம், மாசியில் சுவை எப்படி, கார்த்திகையில் எப்படி, அருகே மலக்குழி உண்டோ என்று மாணாக்கர் கொப்பியில் எழுதட்டும். ஓராண்டு எழுதினால் சமயபாடமும் விஞ்ஞானமும் கணிதமும் தமிழும் அதனுள்ளே அடங்கும். உபாயத்தை ஆசிரியர் முந்திக்கொண்டு சொல்லிவிடலாகாது. மாணாக்கன் தவறினால் தவறட்டும். அத்தவற்றின் விலை கிராமத்தார் தலையில் விழாதபடி காப்பதே ஆசிரியர் கடன்.

உயிர் சார்ந்ததன் வண்ணமாகும் இயல்பிற்று. புள்ளிகளையே சார்ந்த சிறுவன் புள்ளியின் வண்ணமாவான். அடியார் சரித்திரத்தையும் அயலார் துயரையும் சார்ந்தவன் அன்பின் வண்ணமாவான். நம்மிடம் வரும் பிள்ளைகளின் ஒரு கையில் ஏட்டையும் மறுகையில் உழவாரத்தையும் கொடுப்போமாக. "இதன் விலையை இறுப்பவர் யார்?" என்னும் வினா அவர் நெஞ்சில் என்றும் நீங்காது நிற்பதாக. அதற்குத் திருவருள் துணைசெய்வதாக.