கதவும் தாழ்ப்பாளும்

இஷாத் தொழுகை முடிந்து பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்திருந்தபோது நமதூர் வாலிபர் ஒருவர் வந்து ஒரு கேள்வி கேட்டார். "ஹஜ்ரத், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல எதை வைக்கலாம், எதை வைக்கக் கூடாது? மார்க்கத்துல இதுக்கு ஏதாவது அளவு இருக்கா?" அருகில் இருந்தவர்கள் நகைத்தனர். நானும் புன்னகைத்து, "ஹராமான படத்தை வைக்காதீங்க தம்பி, அது போதும்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து படுத்த பின்னர்தான் என் விடையின் குறை எனக்குப் புலப்பட்டது. அவர் கேட்டது ஒரு படத்தைப் பற்றிய சட்டமன்று. தன் வாழ்வில் எதை உலகுக்குத் திறந்து காட்டலாம், எதைத் தன்னோடு வைத்துக்கொள்ள வேண்டும் என்பதையே அவர் கேட்டிருக்கிறார். அந்த வாலிபருக்கு நான் பட்ட கடனைத் தீர்க்கவே இதனை எழுதுகிறேன்.

தம்மம்பட்டி மரச்சிற்பத்துக்குப் பேர் போன ஊர் என்பதை வாசகர்கள் அறிவர். நிலையும் கதவும் செதுக்கும் பட்டறைகளைக் கடந்துதான் நான் நாள்தோறும் நடக்கிறேன். பூவும் கொடியும் செதுக்கிய முகம் தெருவை நோக்கி நிற்கும். தாழ்ப்பாளோ உள்பக்கம் இருக்கும். தெருவில் போகிறவர் சித்திர வேலையைக் கண்டு மகிழலாம். கதவைத் திறப்பது மட்டும் வீட்டிலுள்ளவர் கையில். கதவே இல்லாத வீடு சந்தைக் கொட்டகை ஆகிவிடும். ஒருநாளும் திறக்காத கதவோ சுவராகிவிடும். மனிதனின் அந்தரங்கமும் இப்படித்தான்.

கண்ணுக்கும் அனுமதி வேண்டும்

திருமறை இந்தப் பாடத்தை வீட்டு வாசலிலிருந்தே தொடங்குகிறது. பிறர் இல்லங்களில் அனுமதி பெற்று, ஸலாம் உரைத்த பின்னரே நுழைய வேண்டும் என்று கட்டளையிடுகிறது (24:27). திரும்பிப் போகும்படி வீட்டார் சொன்னால் திரும்பிவிட வேண்டும் என்றும் அடுத்த வசனம் கற்பிக்கிறது. வீட்டுக்காரர் காரணம் சொல்லியாக வேண்டும் என்ற நிபந்தனை அங்கே இல்லை.

ஒருவர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அறைக்குள் ஒரு துவாரத்தின் வழியே எட்டிப் பார்த்தார். அப்போது பெருமானாரின் கையில் தலை கோதும் இரும்புச் சீப்பு ஒன்று இருந்தது. நீர் பார்க்கிறீர் என்று தெரிந்திருந்தால் இதனால் உமது கண்ணில் குத்தியிருப்பேன் என்ற கருத்தில் கடிந்துகொண்டு, அனுமதி கேட்கும் சட்டமே பார்வையின் காரணமாகத்தான் ஏற்படுத்தப்பட்டது என்று விளக்கினார்கள் (நூல்: புகாரி). கால் உள்ளே வைக்காமல் கண்ணை மட்டும் உள்ளே அனுப்பினாலும் அது அத்துமீறலே என்பது இதன் பொருள். பிறர் குறைகளைத் துருவி ஆராய்வதையும் திருமறை தடுத்துவிட்டது (49:12).

இவை யாவும் பிறர் நம்மிடம் பேண வேண்டிய வரம்புகள். நாமே தாழ்ப்பாளை நீக்கிக் கதவை அகலத் திறந்து வைத்துவிட்டால் என்ன செய்வது? இன்று நம் கேள்வி இதுதான்.

பாவத்தை மறைப்பது நயவஞ்சகமா?

என் சமுதாயத்தார் அனைவரும் மன்னிப்புக்குரியவர்கள், பகிரங்கப்படுத்துவோரைத் தவிர என்று பெருமானார் (ஸல்) அவர்கள் எச்சரித்த நபிமொழி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. இரவில் ஒருவன் தவறு செய்கிறான். அல்லாஹ் அதை மூடி மறைக்கிறான். பொழுது விடிந்ததும் அவனே தோழனிடம் போய், நேற்று இன்னின்னது செய்தேன் என்று சொல்கிறான். அல்லாஹ் போர்த்திய போர்வையை அவனே உருவி எறிகிறான். அதோடு, கேட்பவன் உள்ளத்தில் அந்தப் பாவத்தைக் குறித்திருந்த அச்சத்தையும் குறைத்துவிடுகிறான்.

"உள்ளதை உள்ளபடி காட்டுவதுதானே நேர்மை? மறைத்தால் அது நயவஞ்சகம் ஆகாதா?" என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. தன்னிடம் இல்லாத நன்மையை இருப்பதாகக் காட்டுவதே நயவஞ்சகம். தன்னிடமுள்ள வெட்கத்துக்குரியதை மறைத்து, அதற்காக இரவில் அழுது தவ்பாச் செய்பவன் நயவஞ்சகன் ஆகமாட்டான். கிழிந்த சட்டையின் மீது துண்டைப் போர்த்திக்கொள்வது ஒன்று. இரவல் பட்டை உடுத்திக்கொண்டு என்னுடையது என்பது வேறொன்று. முன்னது மானம், பின்னது பொய்.

நன்மையைக் காட்டலாமா?

தர்மத்தை வெளிப்படையாகச் செய்தாலும் நல்லதே, மறைத்து ஏழைகளுக்குக் கொடுத்தால் அது இன்னும் சிறந்தது என்கிறது திருமறை (2:271). இரண்டு கதவுகளும் திறந்தே இருக்கின்றன; எப்போது எதைத் திறப்பது என்பதற்கு முன்னோர் வாழ்வில் விளக்கம் காண்கிறோம்.

இமாம் ஜைனுல் ஆபிதீன் (ரலி) அவர்கள் இரவு நேரங்களில் உணவுப் பொருளைத் தம் முதுகில் சுமந்து சென்று மதீனாவின் ஏழை வீடுகளில் கொடுத்து வந்தார்கள். கொடுப்பவர் யார் என்பது அவ்வீட்டாருக்கே தெரியாது. அவர்கள் மறைந்த பின் உணவு வருவது நின்றது. உடலைக் குளிப்பாட்டியவர்கள் முதுகில் சுமைத் தழும்பைக் கண்டார்கள்.

மறுபுறம், முளர் குலத்தைச் சேர்ந்த வறியவர்கள் கந்தலோடு மதீனா வந்தபோது பெருமானாரின் திருமுகம் வாடியது. மக்களை அழைத்துத் தர்மத்தைத் தூண்டினார்கள். அன்ஸாரி ஒருவர் கையில் தாங்க முடியாத பை ஒன்றை எல்லோர் கண்ணெதிரே கொண்டுவந்து வைத்தார். அதைக் கண்டு ஒருவர் பின் ஒருவராக மக்கள் கொண்டுவந்து குவித்தனர். நற்செயலை முதலில் தொடங்கி வைத்தவருக்கு, அவரைப் பின்பற்றியோரின் கூலியும் உண்டு என்று பெருமானார் நற்செய்தி கூறினார்கள் (நூல்: முஸ்லிம்). அந்த அன்ஸாரி பையைத்தான் காட்டினார். வாங்கப் போகிறவரின் கையைக் காட்டவில்லை. இந்த நுட்பத்தை நான் கிதாபில் ஓதியிருந்தும் உணராமல் போனேன்.

ஒரு படம், இரு மனிதர்கள்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ரமளானில் ஏழைக் குடும்பங்களுக்கு அரிசி, பருப்பு, எண்ணெய் அடங்கிய பைகளை வழங்கினோம். பொருள் தந்தவர்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்று படம் எடுத்தார்கள். ஒரு முதிய விதவையிடம் நானே பையைக் கொடுத்தேன். அந்த அம்மையார் முந்தானையைச் சற்று முகத்தின் பக்கம் இழுத்தார்கள். நான் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றிரவே படம் ஊர் முழுவதும் கைப்பேசிகளில் சென்றது. என் மனத்துக்கும் அது இதமாகவே இருந்தது என்பதை மறைத்துப் பயனில்லை.

பெருநாளைக்கு ஊர் வந்த அவர் மகன், கூட்டம் கலைந்த பின் என்னிடம் வந்தார். சண்டை போடவில்லை. "ஹஜ்ரத், எங்கம்மா சாப்பிட்டுச்சோ சாப்பிடலையோ, இத்தனை வருசம் யாருக்கும் தெரியாம இருந்துச்சு. இப்ப எல்லாருக்கும் தெரியும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அடுத்த ஆண்டு பை கொடுக்கச் சென்றபோது அந்த வீட்டுக் கதவு திறக்கவில்லை. உள்ளே ஆள் இருந்தது எனக்குத் தெரியும்.

கொடுத்ததைச் சொல்லிக் காட்டியும், வாங்கியவரை நோகச் செய்தும் உங்கள் தர்மங்களைப் பாழாக்கிவிடாதீர்கள் என்ற கருத்துள்ள வசனத்தை (2:264) எத்தனையோ ஜுமுஆக்களில் நான் விளக்கியிருக்கிறேன். அன்றுதான் அது எனக்கு விளங்கியது. நான் காட்ட நினைத்தது என்னுடைய நன்மை. அதே படத்தில் மற்றொருவரின் வறுமையும் இருந்தது. அதைக் காட்டுவதற்கு எனக்கு என்ன உரிமை? நம் அந்தரங்கம் என்று நாம் நினைப்பதில் பெரும்பகுதி நமக்கு மட்டும் சொந்தமானதன்று. கணவன் மனைவி பிணக்கில் மனைவியின் மானம் உண்டு. நோயாளியின் படுக்கையருகே எடுத்த படத்தில் நோயாளியின் இயலாமை உண்டு. பிள்ளையின் குறும்பை இன்று பரப்பினால், நாளை வளர்ந்து நிற்கும் அந்தப் பிள்ளையின் வெட்கம் அதில் உண்டு.

ஒருவர் ஒரு செய்தியைச் சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்ப்பாராயின் அது அமானிதம் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள் (நூல்: திர்மிதி). யாரிடமும் சொல்லாதே என்று அவர் வாய்விட்டுக் கேட்க வேண்டியதில்லை. அவர் திரும்பிப் பார்த்ததே போதும். அந்த அம்மையார் முந்தானையை இழுத்ததும் அப்படிப்பட்ட ஓர் அடையாளம்தான். நான் கவனிக்கவில்லை.

சேலம் சிறையில் முடிந்த கதை

இதே கேள்வி நம் தமிழகத்திலிருந்து நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை சென்றதுண்டு. கொலைக் குற்றங்களுக்காகத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்ட ஆட்டோ சங்கர், சிறையில் இருந்தபோது தன் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். அதை வெளியிட நக்கீரன் இதழ் முன்வந்தது. உயர் அதிகாரிகள் சிலரோடு அவருக்கு இருந்த தொடர்பும் அதில் வருவதாகச் சொல்லப்பட்டது. 1994 ஜூனில் சிறைத்துறைத் தலைமை அதிகாரி வெளியீட்டை நிறுத்தும்படி கடிதம் எழுதினார். இதழாசிரியர் ராஜகோபால் உச்ச நீதிமன்றம் சென்றார். 1994 அக்டோபர் 7 அன்று தீர்ப்பு வந்தது. அடுத்த ஆண்டு, 1995 ஏப்ரலில், நம் சேலம் மத்திய சிறையில் சங்கர் தூக்கிலிடப்பட்டார்.

ஒருவருடைய குடும்பம், திருமணம், பிள்ளைப்பேறு, கல்வி போன்றவை அவருடைய அந்தரங்கம். அவர் சம்மதமின்றி யாரும் அவற்றை வெளியிடலாகாது என்று நீதிமன்றம் கூறியது. ஆனால் பொது ஆவணங்களில் பதிவாகிவிட்டதை வெளியிடலாம். தானே முன்வந்து பொது சர்ச்சையில் இறங்கியவரின் நிலை வேறு. அரசு அதிகாரிகள் தங்கள் பதவிக் கடமையில் செய்ததை அந்தரங்கம் என்று சொல்லி மூட முடியாது. வெளியிடுவதற்கு முன்பே தடுக்கும் அதிகாரமும் அவர்களுக்கில்லை. அதே வேளையில், பாலியல் கொடுமைக்கு ஆளான பெண்ணின் பெயர் ஆவணத்தில் இருந்தாலும் அதை வெளியிட்டு அவளை மேலும் இழிவுக்கு உள்ளாக்கலாகாது என்றும் கூறியது. பின்னர் 2017 ஆகஸ்ட் 24 அன்று, ஓய்வு பெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில், ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று அறிவித்தார்கள்.

தீர்ப்பின் அமைப்பைக் கவனியுங்கள். எவ்வளவு காட்டலாம் என்று அது முழம் போட்டு அளக்கவில்லை. இது யாருக்கு உரியது என்று பிரித்துப் பார்த்தது. வீடு வீட்டாருக்குரியது, பதவி பொதுமக்களுக்குரியது, பாதிக்கப்பட்டவளின் மானம் அவளுக்குரியது. எனினும் சட்டம் பிறர் கையைத்தான் தடுக்கும். நம் கையில் உள்ள கைப்பேசியை அது தடுக்காது. அதற்கு ஈமானும் வெட்கமும்தான் காவல்.

மறைக்கக் கூடாதவை

இதைக் கொண்டு எல்லாவற்றையும் மூடிவைப்பதே தக்வா என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். பெருமானார் (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை நுழைத்தபோது உள்ளே ஈரம் இருந்தது. மக்கள் காணும்படி இதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வணிகரைக் கடிந்துகொண்டார்கள் (நூல்: முஸ்லிம்). மூட்டையின் ஈரம் விற்பவரின் அந்தரங்கமன்று. அது வாங்குபவரின் உரிமை. சம்பந்தம் பேச வந்தவர் மாப்பிள்ளையைப் பற்றிக் கேட்டால், தெரிந்த குறையைச் சொல்லாமல் நழுவுவதும் அப்படியே. ஜமாஅத்தின் வரவு செலவும் அப்படியே. கடனை மனைவியிடமும் மறைத்து, வட்டிக்கு மேல் வட்டி கட்டி, ஒருநாள் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊரைவிட்டுப் போகிறவர்களைக் காண்கிறோம். ஊருக்குச் சொல்ல வேண்டாம்; வீட்டுக்காவது சொல்லியிருந்தால் பாதிச் சுமை குறைந்திருக்கும்.

காட்ட வேண்டிய நேரத்தில் எவ்வளவு காட்டுவது என்பதையும் பெருமானார் செய்து காட்டினார்கள். இஃதிகாப் இருந்தபோது அன்னை ஸஃபிய்யா (ரலி) அவர்கள் இரவில் பார்க்க வந்தார்கள். அவர்களை வழியனுப்ப உடன் நடந்தபோது அன்ஸாரிகள் இருவர் கண்டு விரைந்து சென்றனர். பெருமானார் அவர்களை நிறுத்தி, இவர் ஸஃபிய்யா என்று தெரிவித்தார்கள். ஷைத்தான் அவர்கள் உள்ளத்தில் எதையும் போட்டுவிடக் கூடாதே என்பது காரணம் (நூல்: புகாரி). வந்தவர் யார் என்பதைச் சொன்னார்கள். என்ன பேசினோம் என்பதைச் சொல்லவில்லை. சந்தேகம் தீர எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு கதவு திறந்தது, பிறகு மூடிக்கொண்டது.

வாலிபரே, நீர் கேட்ட அளவு இதுதான். ஒன்றை வெளியிடுமுன் மூன்றைக் கேட்டுப் பாரும். இது எனக்கு மட்டும் உரியதா, இதில் பிறர் பங்கு உண்டா? பங்கு உண்டென்றால் அவர் சம்மதித்தாரா? இதைக் காண்பவருக்கு ஒரு பயன் உண்டா, அல்லது என் நப்ஸுக்கு மட்டும்தான் பயனா? இம்மூன்றுக்கும் நேரான விடை கிடைத்தால் தாராளமாகக் காட்டும். அல்லாஹ் தந்த அருட்கொடையை எடுத்துச் சொல்லும்படி திருமறையே ஏவியிருக்கிறது (93:11). விடையில் தயக்கம் வந்தால் தாழ்ப்பாளைப் போட்டுவிடும்.

அந்த அம்மையாரின் வீட்டுக்கு இப்போது பை போகிறது. யார் கொண்டு போகிறார், எப்போது போகிறார் என்பதை இங்கே எழுதமாட்டேன். என் தவறை எழுதலாமா என்றும் பலமுறை யோசித்தேன். அது அந்தரங்கப் பாவமாக இருந்தால் எழுதியிருக்க மாட்டேன். ஊர் அறியச் செய்த தவறு என்பதால் ஊர் அறிய ஒப்புக்கொள்கிறேன்.

அல்லாஹ் நம் குறைகளை இம்மையிலும் மறுமையிலும் மறைத்தருள்வானாக! பிறர் குறைகளை மறைக்கும் பெருந்தன்மையை நமக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.