அடுத்த நூல் எப்போது?

ஞாயிறு முதல் திருப்பலி முடிந்ததும் எங்கள் பங்கில் ஒரு புத்தக அலமாரி திறக்கப்படும். பூந்தமல்லிப் பேருந்து நிலையத்தின் இரைச்சல் எட்டாத தொலைவில், கோவில் வளாகத்து வேப்பமர நிழலில் ஒரு மேசை, ஒரு பேரேடு, முந்நூறு சொச்சம் நூல்கள்; அவ்வளவுதான் நூலகம். அதன் பொறுப்பு பல ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. பணி ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் வாரந்தவறாமல் வருவார். வந்ததும் அவர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "தம்பி, பெருமாள்முருகன் அடுத்து என்ன எழுதுறாராம்? எப்ப வருதாம்?"

"தெரியலையே டீச்சர்" என்பேன். அவரும் அடுத்த வாரம் மீண்டும் கேட்பார். இந்தக் கேள்வியில் தவறொன்றும் இல்லை. ஆயினும் அதைக் கேட்கும்போதெல்லாம் என் மனம் சற்றுக் குறுகும். அதன் காரணத்தைச் சொல்வதற்குமுன், இத்தகைய காத்திருப்பு நம்மிடையே எப்படி வளர்ந்தது என்று சிறிது பார்ப்போம்.

என் அத்தை 1950-களில் சிறுமியாக இருந்தவர். பூந்தமல்லி அப்போது சென்னையிலிருந்து மேற்கே செல்லும் நெடுஞ்சாலையில் ஒரு சிற்றூர். 1950 முதல் 1954 வரை 'கல்கி' வார இதழில் 'பொன்னியின் செல்வன்' வெளிவந்தபோது, தெருவுக்கு ஓர் இதழ் வந்தால் அதிகமாம். மாலைச் செபமாலை முடிந்ததும் எழுத்தறிந்த ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் சூழ்ந்திருந்து கேட்பார்களாம். மணியம் வரைந்த ஓவியங்களோடு அந்தப் பக்கங்களைக் கத்தரித்துத் தைத்துக் கட்டுக்கட்டாக வைத்திருந்த வீடுகளில் எங்கள் வீடும் ஒன்று. பின்னாளில் நூலாக வாங்கியபோதும் அந்தக் கட்டை அத்தை எறிய விடவில்லை.

அந்தக் காத்திருப்புக்கு ஒரு நியாயம் இருந்தது. தொடர்கதை எழுதுபவர் ஒவ்வொரு வாரமும் இறுதியில் 'தொடரும்' என்று எழுதிக் கொடுக்கிறார். அது வாக்குறுதி, அதை நம்பித்தான் வாசகர் அடுத்த இதழுக்குக் காசு எடுத்து வைக்கிறார். 1954 டிசம்பர் 5-ஆம் நாள் கல்கி மறைந்தபோது 'அமர தாரா' என்னும் நாவல் முற்றுப்பெறாமல் நின்றது. அவருடைய மகள் ஆனந்தி, தந்தையார் விட்டுச்சென்ற குறிப்புகளைக்கொண்டு அதை எழுதி முடித்தார். தந்தை பட்ட கடனை மகள் தீர்ப்பதைப் போன்ற செயல் அது என்றே எனக்குத் தோன்றுவதுண்டு. அந்த முடிவு கல்கியே எழுதியிருக்கக்கூடியதா என்று விவாதிப்பவர்கள் உண்டு. நான் அந்த விவாதத்தில் இறங்குவதில்லை.

ஆனால் 'தொடரும்' என்று எழுதாத ஆசிரியரிடம் நமக்கு என்ன உரிமை? சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை' 1966-இல் வந்தது. இரண்டாம் நாவலான 'ஜே. ஜே: சில குறிப்புகள்' 1981-இல், மூன்றாவதான 'குழந்தைகள் பெண்கள் ஆண்கள்' 1998-இல். பதினைந்து ஆண்டுகள், பிறகு பதினேழு ஆண்டுகள். 2005-இல் அவர் காலமானார், நாவல்கள் மூன்றே. முதல் நாவலைக் கல்லூரி மாணவராகப் படித்தவர், மூன்றாவது வந்தபோது தம் பிள்ளைகளுக்கு வரன் தேடிக்கொண்டிருந்திருப்பார். இதற்காக யாரும் அவர்மீது வழக்குத் தொடுக்க முடியாது. நாம் கொடுத்த விலைக்கு ஒரு நூல் கிடைத்தது. கணக்கு அங்கேயே நேராகிவிட்டது. அதற்குமேல் நம் உள்ளத்தில் எஞ்சுவது ஆசை. ஆசையை உரிமை என்று நினைத்துக்கொள்வது மனிதருக்கு எளிது.

எங்கள் வாசகர் வட்டத்தில் ஓர் இளைஞர் இதை மறுத்தார். தாலந்து உவமையை எடுத்துக்காட்டி, "எழுதும் வரம் பெற்றவர் எழுதாமல் இருந்தால், அது தாலந்தை மண்ணில் புதைத்ததற்குச் சமம் இல்லையா? அவரைத் தூண்டிக் கேட்பது வாசகருடைய கடமை இல்லையா?" என்றார். கூர்மையான கேள்விதான். அன்று எனக்கு உடனே விடை தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து மத்தேயு நற்செய்தியை எடுத்து அந்தப் பகுதியை மறுபடி படித்தேன். அங்கே கணக்குக் கேட்பவர் தாலந்தைக் கொடுத்த தலைவர். உடன் ஊழியர்கள் ஒருவரிடம் ஒருவர் கணக்குக் கேட்டதாக ஒரு சொல்லும் இல்லை. ஒரு நாவலாசிரியர் ஏன் எழுதவில்லை என்று கேட்கும் தகுதி உடையவர் ஒருவர் இருக்கலாம். அவர் நிச்சயமாக நான் அல்லேன்.

காத்திருப்பு எவ்வளவு இரக்கமற்றதாக மாறக்கூடும் என்பதற்கு அயல்நாட்டுச் செய்தி ஒன்றும் உண்டு. அமெரிக்க எழுத்தாளர் ஹார்ப்பர் லீ 1960-இல் ஒரு நாவல் எழுதி உலகப்புகழ் பெற்றார். பிறகு அரை நூற்றாண்டுக்கும் மேலாக நாவல் எதையும் வெளியிடவில்லை. 2015 சூலையில் அவர் பெயரில் இரண்டாம் நாவல் ஒன்று வந்தது. அது முதல் நாவலுக்கும் முந்தைய கையெழுத்துப் படி. ஆசிரியருக்கு அப்போது எண்பத்தொன்பது வயது. கேள்வியும் பார்வையும் மங்கிய நிலை. அவர் முழு மனத்தோடு இசைந்தாரா என்று பலர் ஐயுற்றனர். முறைகேடு எதுவும் இல்லை என்று பதிலும் வந்தது. எப்படியாயினும் முதல் நாளிலேயே இலட்சக்கணக்கான படிகள் விற்றன. ஐயம் எழுப்பியவர்களில் எத்தனை பேர் வாங்காமல் இருந்தார்கள் என்பது எனக்கு ஆவலாக இருக்கிறது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் அவர் மறைந்தார்.

இப்போது என் செய்திக்கு வருகிறேன். அதே 2015, சனவரி மாதம். பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' நூலாக வந்து நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. திருச்செங்கோட்டில் அதற்கு எதிராகக் கிளர்ச்சி எழுந்தது, நூல் எரிக்கப்பட்டது, கடையடைப்பு நடந்தது. நாமக்கல்லில் அதிகாரிகள் கூட்டிய பேச்சுவார்த்தையில், அவர் வருத்தம் தெரிவித்து எழுதிக்கொடுக்கும் நிலைக்குத் தள்ளப்பட்டார். பின்னர் எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று தாமே அறிவித்தார். தம் நூல்களைப் பதிப்பாளர்கள் இனி விற்க வேண்டாம் என்றும் அந்த அறிவிப்பில் கேட்டுக்கொண்டார்.

நந்தனத்தில் புத்தகக் கண்காட்சி நடந்துகொண்டிருந்த நாட்கள் அவை. செய்தித்தாளில் அந்த அறிவிப்பைப் படித்தவுடன் என் உள்ளத்தில் எழுந்த முதல் எண்ணம் என்ன தெரியுமா? 'ஐயோ, அந்த மனிதர்!' என்பதன்று. 'என்னிடம் இல்லாத அவருடைய நூல்களைக் கிடைக்கும்போதே வாங்கிவிட வேண்டும்' என்பதே. அன்று மாலையே பூந்தமல்லியிலிருந்து பேருந்து ஏறினேன். நான்கு நூல்கள் கிடைத்தன. வெற்றியோடு வீடு திரும்பினேன். அவருக்காக ஓர் அஞ்சலட்டை எழுதவில்லை. கண்டனக் கூட்டம் நடந்ததாக அறிந்தும் போகவில்லை. 'நமக்கேன் வம்பு? அது வேறு சமயத்தாரின் விவகாரம்' என்று சொல்லிக்கொண்டேன். அவர் எழுத வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவன், எழுதியதற்காக அவர் துன்புற்ற வாரத்தில் வாய் திறக்கவில்லை. ஒவ்வொரு திருப்பலியின் தொடக்கத்திலும் கடமையில் தவறியதற்காக நாம் மார்பில் தட்டிக்கொள்கிறோமே, அது எதைக் குறிக்கிறது என்று நான் நெடுநாள் யோசித்ததில்லை.

வேறு சமயத்தார் என்றேன். அந்தச் சாக்கும் செல்லாது. 1992-இல் பாமா 'கருக்கு' எழுதியபோது, திருச்சபைக்குள் இருக்கும் சாதியைத் துறவு மடத்தில் வாழ்ந்தவர் ஒருவர் வெளிப்படையாக எழுதிவிட்டாரே என்று நம்மவர் பலர் முகம் சுளித்தனர். அவர் அடுத்து என்ன எழுதப்போகிறார் என்ற கேள்வி அப்போதும் எழுந்தது. ஆவலோடு கேட்டவர்களும் உண்டு. அச்சத்தோடு கேட்டவர்களும் உண்டு.

2016 சூலை 5-ஆம் நாள் சென்னை உயர் நீதிமன்றம், நாமக்கல்லில் எழுதி வாங்கப்பட்டது பெருமாள்முருகனைக் கட்டுப்படுத்தாது என்று தீர்ப்பளித்தது. அவர் மீண்டும் எழுத வேண்டும் என்றும் விரும்பியது. அவ்வாண்டே அவர் எழுதத் தொடங்கினார். ஒரு வெள்ளாட்டின் கதையான 'பூனாச்சி' வந்தது. மனிதரையும் தெய்வத்தையும் பற்றி எழுத அச்சமாக இருப்பதாக அதன் முன்னுரையில் சொல்கிறார். தமக்குள்ளே ஒரு தணிக்கையாளர் வந்து உட்கார்ந்துவிட்டதாக மேடையிலும் கூறினார். நான் காத்திருந்த அடுத்த நூல் எனக்குக் கிடைத்துவிட்டது, அருமையான நூல். ஆனால் அந்தச் சனவரி நேராதிருந்தால் அவர் எந்த நூலை எழுதியிருப்பார் என்பது அவருக்கே தெரியாது.

காத்திருப்பதே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. தமிழில் இலக்கிய நாவல் ஆயிரம் படி அச்சாகி, அது விற்றுத் தீர ஆண்டுகள் ஆவது பழைய கதை. தம்மை ஒருவரும் எதிர்பார்க்கவில்லை என்று அறிந்தே எழுதி மறைந்தவர்கள் எத்தனையோ பேர். அவர்களோடு ஒப்பிட்டால், வாரந்தோறும் விசாரிக்கும் ஓர் ஆசிரியை கிடைத்த எழுத்தாளர் பேறுபெற்றவரே.

இதையெல்லாம் ஒரு ஞாயிறன்று அவரிடம் சொன்னேன், நான்கு நூல்கள் வாங்கி வந்த கதையையும் மறைக்காமல். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "நானும் அன்னைக்கு பேப்பர் படிச்சேன் தம்பி. ஸ்டாஃப் ரூம்ல எல்லாரும் பேசினாங்க. நான் நோட்டுத் திருத்திக்கிட்டிருந்தேன்" என்றார். அலமாரியிலிருந்து 'பூக்குழி'யை எடுத்துப் பேரேட்டில் கையெழுத்திட்டார். பேரேட்டை மூடும்போது பார்த்தேன்: அந்த நூலுக்கு எதிரே அவர் கையெழுத்து ஏற்கெனவே இரண்டு முறை இருந்தது.