விலைக்கு வாங்கிய வெயில்

புதுக்கோட்டையில் சூரியன் ஆண்டுக்கு இரண்டு முறை நேர் உச்சிக்கு வருகிறது. சித்திரை பிறந்த முதல் வாரத்தில் ஒருமுறை, ஆவணியில் ஒருமுறை. அந்த நாட்களின் உச்சிப்பொழுதில் ஆளின் நிழல் காலடிக்குள் ஒடுங்கிவிடும். நார்த்தாமலைப் பாறையில் கை வைக்க முடியாது. சித்தன்னவாசலுக்கு வந்தவர்கள் ஏழடிப்பட்டத்துக்கு ஏறுவதைச் சாயங்காலத்துக்குத் தள்ளிப்போடுவார்கள். இந்த வெயிலைக் காசு கொடுத்து வாங்க உலகத்தில் ஆள் இருக்கிறது என்று கடலைக் கொல்லையில் களை வெட்டுகிற பெண்ணிடம் சொன்னால், கேலி பேசுகிறோம் என்றுதான் நினைப்பாள்.

ஆனால் இருக்கிறார்கள். 1970களில் ஜெர்மனியில் பிரீட்ரிக் வோல்ஃப் என்பவர் பரப்பிய கருவி அது. கண்ணாடிப் படுக்கை. அடியில் வரிசையாகக் குழல்விளக்குகள்; மேலே மூடி, அதிலும் விளக்குகள். உடைகளைக் களைந்து, கண்ணுக்குக் கறுப்புக் கவசம் போட்டுப் படுத்து, மூடியை இறக்கிக்கொள்ள வேண்டும். நிமிடக் கணக்கில் கட்டணம். சில வாரங்கள் போய்வந்தால் வெளிறிய தோல் தேன் நிறத்துக்கு மாறும். வெயில் காணாத வட நாடுகளில் ஒரு காலத்தில் தெருவுக்குத் தெரு இந்தக் கடைகள் இருந்தன.

அந்தப் பெட்டிக்குள் இருப்பது எந்த ஊர் வெயில்? இதற்கு அளவு உண்டு. புற ஊதாக் கதிரின் கடுமையை உலக சுகாதார நிறுவனம் ஒரு குறியீட்டு எண்ணால் சொல்கிறது. 11-ஐத் தொட்டாலே உச்சக் கடுமை. நம் பங்குனி, சித்திரையில் மேகமில்லாத நண்பகல் அதைத் தாண்டிவிடும். ஐரோப்பிய நாடுகள் இந்தப் படுக்கைகளுக்கு விதித்த மேல்வரம்பு 12. வரம்புக்கு உட்பட்ட கருவியே கிட்டத்தட்ட நம் ஊர் மொட்டை வெயிலுக்குச் சமம்; சோதித்துப் பார்த்தபோது பல கருவிகள் அந்த வரம்பையும் மீறியிருந்தன. பனி நாட்டுத் தோலை உடையில்லாமல் புதுக்கோட்டையின் சித்திரை நண்பகலில் மல்லாத்திப் போடுவதைத்தான் அங்கே அழகுச் சேவை என்று விற்றார்கள்.

விற்றவர்கள் சொன்ன நியாயம் கேட்க நன்றாகவே இருந்தது. வானத்து வெயில் கட்டுக்கு அடங்காதது, எங்கள் வெயில் அளந்து கொடுப்பது என்றார்கள். கடற்கரைக்குப் போவதற்கு முன் கொஞ்சம் கறுத்துக்கொண்டால் அதுவே காப்பு என்றார்கள். வைட்டமின் டி கிடைக்கும் என்றார்கள். மூன்றிலும் ஓட்டை. வைட்டமின் டி-யைத் தோலில் உண்டாக்குவது புற ஊதாக் கதிரில் பி என்னும் பிரிவு. பெரும்பாலான படுக்கைகள் அள்ளி இறைப்பது ஏ பிரிவு. அது தோலின் அடி வரைக்கும் இறங்கும். எரிச்சலைத் தருவதில் பின்தங்கிய கதிர் என்பதால் எச்சரிக்கையும் தராது. பயந்து எழுந்திருக்க வேண்டிய ஆளை விசிறிக் காற்று வேறு படுக்க வைக்கிறது. முன்கூட்டிக் கறுத்துக்கொள்வதால் கிடைக்கும் காப்போ மிகச் சொற்பம். மேலும், அந்தக் கறுப்பே காயத்தின் விளைவு. கதிர் பட்டு உயிரணுவின் மரபுப் பொருள் சிதையும்போதுதான் தோல் அவசரமாக மெலனின் நிறமியைச் சுரந்து மேலே போர்த்துகிறது.

2009இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இந்தப் படுக்கைகளைப் புகையிலையும் கல்நாரும் இருக்கும் முதல் வரிசையில் சேர்த்தது. 30 வயதுக்கு முன் இதில் படுக்கத் தொடங்கியவர்களுக்கு மெலனோமா என்னும் கொடிய தோல் புற்றுநோய் வரும் வாய்ப்பு 75 சதவீதம் கூடுகிறது என்று அப்போது அறிவித்தது. பிரேசில் அதே ஆண்டில் முற்றாகத் தடை செய்தது. மெல்போர்ன் நகரத்துக் கிளேர் ஆலிவர் 2007இல் 26 வயதில் மெலனோமாவால் இறந்தார். சாவதற்கு முன் கடைசி நாட்களை இந்தப் படுக்கைகளுக்கு எதிராகப் பேசுவதில் செலவிட்டார். ஆஸ்திரேலியா முழுவதும் கட்டணம் வாங்கிப் படுக்க வைக்கும் தொழில் 2016 தொடங்குவதற்குள் நின்றுபோனது.

அப்படியானால் வானத்து வெயில் பத்திரமானதா? இயற்கை என்ற ஒரே காரணத்துக்காக அதற்கு நற்சான்று கொடுக்க முடியாது. அதே முகமை சூரியக் கதிரையும் 1992லேயே புற்றுநோய்க் காரணியாகப் பட்டியலிட்டுவிட்டது. நம்மைக் காப்பாற்றிவருவது நம் தோல். ஆப்பிரிக்க வழியினரின் கருந்தோலில் எடுத்த பழைய அளவீடு ஒன்று, அது ஏறத்தாழ 13 எண் கொண்ட வெயில் பூச்சுக்குச் சமம் என்கிறது; வெள்ளைத் தோலுக்கு அது 3 அளவில் நின்றுவிடுகிறது. நம்முடையது இரண்டுக்கும் நடுவே பல படிகளில் இருக்கிறது. வெயிலால் வரும் தோல் புற்றுநோய் இங்கே அரிதாக இருப்பதற்கு அதுவே பெரிய காரணம். ஆனால் கண்ணுக்கு அந்தக் காப்பு இல்லை. ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம் கடலோரத்தில் தண்ணீரின் கூசும் ஒளியிலேயே வாழ்நாளைக் கழிக்கிறவர்களுக்கும், வயலில் குனிந்தே முதுமை எய்தியவர்களுக்கும் கண்ணில் சதை வளர்வதிலும் புரை விழுவதிலும் இந்தக் கதிருக்குப் பங்கு உண்டு. நிறமியே இல்லாமல் வெண்தோலோடு பிறந்தவர்களுக்கோ இந்த மண்ணின் ஒவ்வொரு பகலும் ஆபத்து.

இதே கதிர் மருந்தாகவும் இருக்கிறது. வெண்புள்ளி உள்ளவர்களுக்குத் தோல் மருத்துவர்கள் புற ஊதா விளக்கின் கீழ் சிகிச்சை தருகிறார்கள். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் கார்போகரிசியில் இருக்கும் சோரலென் என்ற பொருள், தோலை அந்த ஒளிக்கு இணங்க வைக்கிறது. இதுவும் புற ஊதாக் கதிர்தான். எவ்வளவு நேரம், எத்தனை முறை, எப்போது நிறுத்துவது என்பதை அறிந்த ஒருவர் பக்கத்தில் நிற்கிறார் என்பதே பெரிய வேறுபாடு.

எப்போது நிறுத்துவது என்ற அந்தக் கேள்விக்கு இந்த மாவட்டத்துக்கே உரிய ஒரு கதையின் வழியாகப் போகலாம். புதுக்கோட்டை மன்னர் மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் 1915இல் மெல்போர்னைச் சேர்ந்த மோலி ஃபிங்க் என்ற பெண்ணை மணந்தார். ஆங்கில அரசு அவரை ராணியாக ஏற்கவில்லை. சிட்னி என்ற பெயருடைய மகனுக்கு அரசுரிமையும் கிடைக்கவில்லை. சொந்தச் சமஸ்தானத்தை விட்டு விலகிய தம்பதி 1920களில் பிரான்சின் தென்கரையில் கான் நகரத்தில் குடியேறினார்கள். மன்னர் 1928இல் பாரிஸில் இறந்தார்.

காலத்தையும் இடத்தையும் சேர்த்துப் பாருங்கள். வெள்ளையர் உலகத்தில் வெயிலில் கறுப்பது நாகரிகமானது அதே கரையில், அதே ஆண்டுகளில். ஆடை வடிவமைப்பாளர் கோகோ ஷனேல் 1923இல் கானில் கப்பலிலிருந்து கறுத்த மேனியோடு இறங்கியதுதான் தொடக்கம் என்பது பரவலான கதை. அதுவரை ஐரோப்பாவில் கறுத்தவன் என்றால் வயலில் உழைப்பவன். சீமாட்டிகள் குடையில்லாமல் வெளியே வரமாட்டார்கள். உழைப்பாளி ஆலைக்குள் போய் வெளிறிய பிறகு, வெயிலில் படுத்துக்கிடக்க நேரமும் காசும் இருப்பவனின் அடையாளமாகக் கறுப்பு மாறியது. ஒரு மன்னரின் நிறமும் அவர் மனைவியின் நிறமும் வேறாக இருந்தது மகனின் அரியணையைத் தடுத்த அதே காலத்தில், அவரது வீட்டுப் பக்கத்துக் கடற்கரையில் மன்னரின் நிறத்துக்காகத் தவம் கிடந்தார்கள். அவர்கள் விரும்பியது கழற்றி வைக்க முடிகிற கறுப்பை. கோடை முடிந்தால் போய்விட வேண்டும். பிறப்போடு வந்தது என்றால் வேண்டாம்.

நாம் மட்டும் யோக்கியமா? 1975இல் இந்தியாவில் ஃபேர் அண்டு லவ்லி என்ற வெளுப்புக் களிம்பு வந்தது. இங்கே உழைப்பு வெயிலிலேயே நின்றதால் வெளுப்பு உயர்வின் அடையாளமாக நீடித்தது. அங்கே கறுக்க விளக்கு, இங்கே வெளுக்கக் களிம்பு. 2020இல் அந்தக் களிம்பின் பெயரிலிருந்து வெளுப்பைக் குறிக்கும் சொல்லை நீக்கினார்கள்; பெண் பார்க்கப் போகிறவர்களின் வாயிலிருந்து நீக்க முடியவில்லை. மருத்துவர் சொல்லாமல் கடையில் வாங்கிப் பூசும் ஸ்டீராய்டு கலந்த களிம்புகள் தோலை மெலிய வைத்து, நமக்கு இயல்பாக இருந்த வெயில் தாங்கும் திறனையும் குறைக்கின்றன. இரண்டு வியாபாரமும் விற்பது ஒரே பொருள்: ‘நான் வெயிலில் வேலை செய்கிறவன் இல்லை’ என்ற சான்றிதழ்.

தோல் வைத்திருக்கும் பேரேட்டில் இந்தச் சான்றிதழுக்கு இடமில்லை. விரும்பி வந்த கதிர், வயிற்றுக்காக வாங்கிய கதிர் என்று அதில் தனித்தனிப் பத்தி கிடையாது. பட்டது எவ்வளவு என்ற ஒரே கணக்கு. ஆகவே படுக்கையா, வானமா, எது பத்திரம் என்ற கேள்வியே சற்றுத் தவறான இடத்தில் நிற்கிறது. பத்திரம் ஒளியில் இல்லை. அந்த ஒளியிலிருந்து விலகும் வழியில் இருக்கிறது. அதற்கு இரண்டு வேண்டும்: எப்போது விலகுவது என்ற அறிவு, விலகிக்கொள்ளும் உரிமை. படுக்கையில் கிடப்பவருக்கு உரிமை உண்டு; மூடியைத் தூக்கிவிட்டு எழலாம். எப்போது எழுவது என்றுதான் தெரியாது, ஏனென்றால் அந்த இயந்திரம் வெயிலின் எச்சரிக்கைகளை எல்லாம் எடுத்துவிட்டுக் கதிரை மட்டும் தருகிறது. கல்குவாரியில் சல்லி உடைப்பவருக்கு எப்போது என்று துல்லியமாகத் தெரியும். தலை கிறுகிறுப்பதும் கண் இருட்டுவதும் சொல்லிவிடும். அவருக்கு எழும் உரிமை இல்லை. எழுந்தால் கூலி இல்லை.

இந்த மாவட்டத்தில் அறிவுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை, தலையில் துண்டு, விடியுமுன் வயல், வெயில் ஏறுமுன் பாதி வேலை, வெயில் தாழ மீதி. இது எந்த ஆய்வகமும் கற்றுக்கொடுக்காத பாடம். நிழலைப் பொதுச்சொத்தாகக் காக்கவும் தெரிந்திருந்தது. பெரிய குதிரை நிற்கும் குளமங்கலம் கோயில் போன்ற ஐயனார் கோயில்களைச் சுற்றிய காடுகளில் கிளை ஒடிக்கக்கூட அஞ்சினார்கள். குறைந்துபோனது அந்த நிழல்தான். வனத்துறை நிலங்களில் பல்லாயிரம் ஏக்கர் தைலமரமானது. அதன் கீழ் உட்கார்ந்தால் தலையில் பாதி வெயில் விழும். 2018 நவம்பர் 16 அன்று அடித்த கஜா புயல் வடகாடு, கீரமங்கலம், ஆலங்குடிப் பக்கத்துத் தென்னையையும் பலாவையும் ஒரே இரவில் சாய்த்தது. விளைச்சல் இழப்புக்குக் கணக்கெடுத்தார்கள். நிழல் இழப்புக்கு எந்தப் படிவத்திலும் இடமில்லை.

உரிமைப் பக்கம் சட்டம் மெல்ல அசைகிறது. கடை ஊழியர்கள் வேலை நேரத்தில் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021இல் சட்டம் திருத்தியது. வெப்ப அலையை மாநிலப் பேரிடராக 2024இல் அறிவித்தது; அதில் இறந்தால் குடும்பத்துக்கு நிவாரணம் உண்டு. இறந்த பிறகு வரும் பணத்துக்கு வழி செய்த நாம், இறக்காமல் இருக்க உச்சிப்பொழுதில் கூலியோடு நிழலில் ஒதுங்கும் உரிமையை இன்னும் எழுதிவைக்கவில்லை. கூரை போட்ட கடைக்குள் நிற்பவர் உட்காரலாம் என்று சொல்ல முடிந்த அரசுக்கு, கூரையே இல்லாத இடத்தில் நிற்பவர் ஒதுங்கலாம் என்று சொல்வது பெரிய காரியம் அல்ல.

மனிதரின் உயர்வு தாழ்வை அவர் மேல் விழுந்த வெயிலை வைத்து அளந்த சமூகங்கள் அங்கேயும் இங்கேயும் தோலைப் புண்ணாக்கிக்கொண்டன. அளக்க வேண்டியது தோலின் நிறம் அல்ல. ஒரு சமூகம் எவ்வளவு நாகரிகமானது என்பதை, அதன் கடைக்கோடிக் கூலிக்காரர் உச்சி வெயிலில் யாரையும் கேட்காமல் நிழலுக்கு நடந்துபோக முடிகிறதா என்பதைக் கொண்டு அளக்கலாம். அந்த அளவில் விளக்குக் கடைகளை மூடிய நாடுகளும் தேறவில்லை, களிம்பின் பெயரை மாற்றிய நாமும் தேறவில்லை.