கரும்புக் கொல்லையில் மூன்று குட்டிகள்



புதுச்சேரியில் பாகூர்ப் பக்கம் இப்போது கரும்பு வெட்டு நடக்கிறது. இந்த வாரம் அங்கே ஓர் உறவினரின் கொல்லைக்குப் போயிருந்தேன். முக்கால்வாசி வெட்டியாகிவிட்டது. வாய்க்கால் ஓரமாக ஒரு திட்டு மட்டும் பாக்கி. அங்கே வெட்டாட்கள் அரிவாளைக் கீழே போட்டுவிட்டு வட்டமாக நின்றிருந்தார்கள். எட்டிப் பார்த்தேன். காய்ந்த சோகைக்குள் மூன்று குட்டிகள். கண் திறந்து சில நாள்தான் இருக்கும். மங்கிய மஞ்சள் உடம்பில் கறுப்புக் கோடும் புள்ளியுமாக ஒன்றன்மேல் ஒன்று படுத்திருந்தன.

"சிறுத்தைக் குட்டிடா!" என்று ஒரு பையன் கைபேசியை எடுத்துவிட்டான். இன்னொருவன் சட்டைத் துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோகத் தயாராக இருந்தான். பால் ஊற்றி வளர்க்கலாமாம்.

கட்டுக் கட்டிக்கொண்டிருந்த ஒரு மூதாட்டி எழுந்து வந்தார். குனிந்து பார்த்தார். "சிறுத்தையும் இல்ல, ஒண்ணும் இல்ல. காட்டுப்பூனைக் குட்டி. தாய்க்காரி இங்கதான் எங்கனா குந்திக்கினு பாத்துக்கினு இருப்பா. கைய வெக்காத ராசா."

"ஆயா, அது ஓடிப்போயிருக்கும். குட்டிங்க செத்துடும்."

"நாம இப்படிக் கும்பலா நின்னா அவ எப்படிடா வருவா? போங்க அந்தாண்ட."

மேஸ்திரிக்கு இது பிடிக்கவில்லை. சாயங்காலம் லாரி வருகிறது, லோடு குறையும் என்றார். அவர் கவலையும் நியாயமானதுதான். என் உறவினர் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு, "அந்தத் திட்டு நிக்கட்டும், நாளைக்கு வெட்டிக்கலாம்" என்றார். ஆட்கள் மறுகோடிக்குப் போனார்கள். அந்தி சாய்வதற்குள் கொல்லையே காலியாகிவிட்டது.

மறுநாள் விடிந்ததும் அவரே போன் செய்தார். சோகைக்குள் ஒன்றுமில்லை. வாய்க்கால் சேற்றில் பெரிய பூனையின் காலடி, போவதும் வருவதுமாக. ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு போயிருக்கிறாள். அதைச் சொல்லும்போது அவர் குரலில் இருந்த சந்தோஷத்தை, நல்ல விலைக்கு நெல் போட்ட அன்றைக்குக்கூட நான் கேட்டதில்லை.

நேயர்களே, காட்டுப்பூனையை நம்மில் பலர் பார்த்திருப்போம். வீட்டுப் பூனைதான் வழி தப்பி வந்துவிட்டது என்று நினைத்திருப்போம். கால் நீளம், வால் குட்டை, காது நுனியில் கொஞ்சம் முடி. குட்டியில் இருக்கும் கோடும் புள்ளியும் வளர வளர மங்கிவிடும். பெயரில்தான் காடு. நாணலும் கரும்பும் ஏரிக்கரைப் புதரும் இருந்தால் அதற்குப் போதும். ராஜஸ்தானில் சரிஸ்கா காட்டில் ஆராய்ந்தவர்கள், ஒரு காட்டுப்பூனை நாளொன்றுக்கு 3 முதல் 5 எலி வரை பிடித்துத் தின்னும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அடிக்கரும்பை எலி கொறித்துச் சாய்த்த கொல்லையைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கின் அருமை தெரியும். கூலி இல்லாமல் ராக்காவல் காக்கும் ஆள் அது. நாமோ எலிக்கு மருந்து வைக்கிறோம். அந்த எலியைத் தின்னும் பூனைக்கும் ஆந்தைக்கும் அதே மருந்து எமனாகக்கூடும்.

இன்னொரு பூனையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். துரும்பன் பூனை. உலகத்தின் மிகச் சிறிய பூனை இனங்களில் ஒன்று. முழுதாக வளர்ந்தாலும் ஒன்றரைக் கிலோ அளவுதான், முதுகெல்லாம் துருநிறப் புள்ளி. இந்தியா, இலங்கை, நேபாளம் தவிர வேறெங்கும் கிடையாது. இலங்கையில் ஹோர்ட்டன் சமவெளி மலைக்காடு வரை ஏறியிருக்கிறது. உலகம் இதற்கு அறிவியல் பெயர் வைத்தது 1831இல். பாரிஸைச் சேர்ந்த இசிதோர் ஜொஃப்ருவா சேந்த் இலேர் என்ற விலங்கியலாளர் அதை விவரித்து எழுதினார். அவர் கையில் இருந்த பூனை எந்த ஊரிலிருந்து போனது தெரியுமா? நம் புதுச்சேரியிலிருந்து! இங்கே தாவரவியல் பூங்காவை உருவாக்க வந்த பெலாஞ்சே என்ற பிரெஞ்சுக்காரரின் பயண நூலில்தான் அந்த விவரம் அச்சானது. அறிவியல் ஏட்டில் இந்தப் பூனைக்குச் சொந்த ஊர் நம் ஊர். வில்லியனூரிலோ பாகூரிலோ எந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையைக் கேட்டாலும் சிங்கத்தையும் வரிக்குதிரையையும் படம் பார்த்துச் சொல்லும். இதைச் சொல்லுமா? ஆசிரியர்கள் கொஞ்சம் மனம் வைக்க வேண்டும்.

லடாக்கின் சாங்தாங் மேட்டுநிலத்தில் பல்லாஸ் பூனை இருக்கிறது. ஆண்டிஸ் மலை உச்சிகளில் சாம்பல் நிறத்தில் ஒரு பூனை இருக்கிறது. அவற்றின் படம் கைபேசியில் வந்தால் வியந்து வியந்து பத்துப் பேருக்கு அனுப்புகிறோம். அந்த வியப்பு நல்லதுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்த மலைகளுக்கு நம்மால் செய்ய முடிந்தது கொஞ்சம். நம் வாய்க்கால் ஓரத்துப் புதரைக் காப்பாற்ற நம்மைத் தவிர வேறு ஆள் கிடையாது. ஊசுட்டேரியை 2008இல் சரணாலயமாக அறிவித்தார்கள். அதனால் அங்கே பறவைக்குக் கொஞ்சம் மதிப்பு. கரும்புக் கொல்லைக்கு அப்படி எந்த அறிவிப்பும் வரப்போவதில்லை.

குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, "நான் காப்பாற்றினேன்" என்று படம் போடும் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. பெரும்பாலும் அது காப்பாற்றுவது இல்லையப்பா, தாயிடமிருந்து பிரிப்பது. காட்டுப்பூனையை வீட்டில் வைத்து வளர்ப்பது 1972ஆம் ஆண்டுக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும்கூட. ஓர் இரவு ஆள் நடமாட்டம் இல்லாமல் விட்டுப் பாருங்கள். தாய் வரவே இல்லை, அல்லது குட்டிக்குக் காயம் என்றால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

வெட்டு முடிந்து சோகை கொளுத்துகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். கொளுத்தாமல் மட்கவிட முடிந்தால் மண்ணுக்கும் நல்லது. கொளுத்தித்தான் ஆக வேண்டும் என்றால், தீ வைப்பதற்கு முன் ஒருமுறை உள்ளே நடந்து பாருங்கள். நான்கு பக்கமும் ஒரே நேரத்தில் வைக்காதீர்கள். வாய்க்கால் பக்கத்தைத் திறந்து விடுங்கள்.