பார்த்தேன் என்றொரு சொல்

நாற்பது ஆண்டுகளாகப் பொய் எழுதிப் பிழைத்து வருகிறவன் நான். நாவலாசிரியன் என்று கௌரவமாகச் சொல்லிக்கொண்டாலும் தொழில் என்னவோ அதுதான். இல்லாத ஊரில் இல்லாத பெண் ஒருத்தியைப் பிறக்கவைத்து, இல்லாத ஒருவனுக்கு அவளைக் கல்யாணம் செய்து கொடுத்து, வாசகர்களை அழவைத்திருக்கிறேன். அதற்காக ஒரு நாளும் என் மனச்சாட்சி என்னைக் கேள்வி கேட்டதில்லை. ஆனால் சென்ற தை மாதத்தில் ஒரே ஒரு சொல் பொய் சொன்னேன். அது இன்னும் என்னை விடவில்லை.

நாங்கள் நான்கு பேர். தாவரவியல் கற்பித்து ஓய்வு பெற்ற பேராசிரியர் ஒருவர், ஒரு டாக்டர், வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு நண்பர், நான். பேராசிரியருக்குப் பறவைகளிடம் தீராத பித்து. மற்ற மூவரும் அவரிடம் கொண்ட பிரியத்தால் பறவைகளையும் சகித்துக்கொள்ளப் பழகியவர்கள். சென்னையிலிருந்து கோடியக்கரை வரையில் காரிலேயே போய் வருவது என்று தீர்மானமாயிற்று. 350 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பிரயாணம்.

விடியற்காலை நான்கு மணிக்குப் புறப்பட்டோம். புதுச்சேரியில் காபி, சிதம்பரத்தில் பலகாரம். கொள்ளிடம் தாண்டியதும் இரு பக்கமும் முற்றிய நெற்கதிர்கள் தலை சாய்ந்து நின்றன. சில வயல்களில் அறுவடை நடந்துகொண்டிருந்தது. தந்திக் கம்பியில் ஒரு பனங்காடை உட்கார்ந்திருந்தால் பேராசிரியர், "டாக்டர், கொஞ்சம் நிறுத்துங்கள்!" என்பார். வாய்க்காலில் ஒரு மீன்கொத்தி பாய்ந்தால் மறுபடியும் நிறுத்தச் சொல்வார். மத்தியானத்துக்கே போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய நாங்கள் காரைக்கால், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, வேதாரண்யம் எல்லாவற்றையும் கடந்து கோடியக்கரை போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது.

கோடியக்கரை என்றதும் கல்கியின் பூங்குழலி நினைவுக்கு வராத தமிழ் வாசகர் இருக்க முடியாது. எனக்கும் அவள்தான் முதலில் வந்தாள். ஆனால் அங்கே பூங்குழலி இல்லாமலே பார்க்க எத்தனையோ இருக்கிறது. 1967-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட அந்தக் காட்டில் வெளிமான்கள் கூட்டமாக மேய்கின்றன. உப்பங்கழிகளில் பனிக்காலத்தில் பூநாரைகள் வந்து இறங்குகின்றன. தூரத்தில் தண்ணீரின்மேல் யாரோ ரோஜா நிறத்தில் ஒரு கோடு கிழித்தாற்போல் இருந்தது. பைனாகுலரை வைத்துப் பார்த்தால் அந்தக் கோட்டுக்குக் கால்கள் முளைத்து நடந்தன!

ஆனால் பேராசிரியர் என்னை அழைத்து வந்தது பூநாரைக்காக அல்ல, ஆறுமணிக்குருவிக்காக. கோடையில் இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் கூடு கட்டிக் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்குத் தென்னாட்டுக்கும் இலங்கைக்கும் வருகிற சிறு பறவை அது. காலையிலும் மாலையிலும் ஏறக்குறைய ஆறு மணிக்குக் குரல் கொடுப்பதால் அந்தப் பெயர். அதன் உடம்பில் இத்தனை நிறங்களா என்று வியந்து வடக்கே ‘நவரங்’ என்கிறார்கள். இவ்வளவு அழகையும் வைத்துக்கொண்டு அது மரக்கிளையில் உட்கார்ந்து காட்டிக்கொள்வதில்லை; புதருக்கடியில் சருகைக் கிளறிப் புழு பொறுக்கிக்கொண்டு ஒளிந்து திரிகிறது.

அன்று மாலை இருட்டுகிற நேரத்தில் காட்டுக்குள்ளிருந்து இரண்டு சுரங்களில் ஒரு சீட்டிக் குரல் கேட்டது. பேராசிரியர் என் கையைப் பிடித்து அழுத்தினார். "அதுதான்! நாளைக் காலையில் உங்களுக்குக் காட்டாமல் விடமாட்டேன்" என்றார். தம் பேத்திக்குப் பொம்மை வாங்கி ஒளித்து வைத்திருக்கும் தாத்தாவின் முகம் அவருக்கு அப்போது.

மறுநாள் காலை பனியில் ஒரு மணி நேரம் நடந்தோம். திடீரென்று பேராசிரியர் நின்று விரலை நீட்டினார். "அந்தக் காரைப் புதருக்குக் கீழே... இடது பக்கம்... தெரிகிறதா?" என்று கிசுகிசுத்தார். டாக்டர், "ஆகா!" என்றார். நான் பைனாகுலரைத் திருப்பினேன், திருகினேன். சருகு தெரிந்தது. வேர் தெரிந்தது. மறுபடியும் சருகு தெரிந்தது.

"தெரிகிறதா?"

"தெரிகிறது, தெரிகிறது!" என்றேன்.

அதோடு நிறுத்தியிருந்தாலும் பாதகமில்லை. "வாலுக்கடியில் அந்தச் சிவப்பைக் கவனித்தீர்களா?" என்று அவர் கேட்டார். முதல் நாள் இரவு அவருடைய புத்தகத்தில் படித்தது எனக்கு நன்றாக நினைவிருந்தது. நாவலாசிரியன் அல்லவா? பச்சை முதுகையும், இறக்கையின் நீலத்தையும், கண்ணுக்குக் குறுக்கே மை தீட்டிய கறுப்பையும், குங்குமச் சிவப்பையும் நான் வர்ணித்த வர்ணனையில், பறவையைப் பார்த்த டாக்டரே, ‘நாம் இவ்வளவும் பார்க்கவில்லையே’ என்று சங்கடப்பட்டிருப்பார். பேராசிரியர் என் கையைக் குலுக்கினார். தம் குறிப்புப் புத்தகத்தை எடுத்து, தேதி, இடம், நேரம், பறவை, பார்த்தவர்கள் நால்வர் என்று எழுதினார்.

இட்லிக் கடையில் உட்கார்ந்திருந்தபோது வங்கி நண்பர் மெல்லச் சொன்னார்: "சார், என் பெயரை அதில் சேர்க்க வேண்டாம். சருகில் ஏதோ தத்திப் போனது. பறவையைப் பார்த்தேன் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை." பேராசிரியர் ஒன்றும் சொல்லாமல் ‘நால்வர்’ என்பதை அடித்து ‘மூவர்’ என்று எழுதினார். எனக்கும் அதுதான் சந்தர்ப்பம். ஆனால் வர்ணனை செய்த வாய் திறக்கவில்லை. இரண்டாவது இட்லி தொண்டையில் நின்றது.

காரில் ஏறியதும் எனக்குள் வழக்கு விசாரணை ஆரம்பமாயிற்று. வக்கீலும் நானே, குற்றவாளியும் நானே. ‘யாருக்கு என்ன நஷ்டம்? ஒரு நல்ல மனிதர் சந்தோஷப்பட்டார். பிறருக்குக் களங்கமில்லாத நன்மை வருமானால் பொய்யையும் மெய்யின் வரிசையில் உட்காரவைக்க வள்ளுவரே இடம் கொடுத்திருக்கிறாரே!’ என்று வாதாடினேன். வாதம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு சங்கடம். நான் ‘தெரிகிறது’ என்று சொன்ன கணத்தில் பேராசிரியரின் சந்தோஷத்தையா நினைத்தேன்? இல்லை, எல்லோருக்கும் தெரிவது எனக்குத் தெரியவில்லையே என்று வெட்கப்பட்டேன். வெட்கம் முன்னால் வந்தது. அன்பு பிறகு வந்து அதற்கு வேட்டி கட்டிவிட்டது. நம்முடைய பெரும்பாலான கருணைப் பொய்களை உரித்துப் பார்த்தால் உள்ளே இப்படி ஒரு வெட்கமோ சோம்பலோதான் உட்கார்ந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அகஸ்தியம்பள்ளியில் உப்புச் சத்தியாக்கிரக நினைவுத் தூணைக் கடந்தோம். 1930-இல் ராஜாஜி திருச்சியிலிருந்து தொண்டர்களோடு நடந்து வந்து உப்பு அள்ளிய இடம். சத்தியத்தை விடாப்பிடியாகப் பிடித்துக்கொள்வதற்கு ஒரு பெயர் வைத்து, அதற்காக ஜெயிலுக்குப் போனவர்களின் ஊர் வழியாக, ஒரு குருவியைப் பற்றிப் பொய் சொன்னவன் காரில் போய்க்கொண்டிருந்தேன்.

அந்த நேரம் பார்த்துப் பேராசிரியர், ஒன்றும் அறியாதவராக, ஒரு கதை சொன்னார். கதையல்ல, நடந்தது. மைனர்ட்ஸ்ஹாகன் என்று ஓர் ஆங்கிலேயக் கர்னல். 1937-இல் நம்முடைய சலீம் அலியோடு ஆப்கானிஸ்தானத்துக்குப் பறவை ஆராய்ச்சிக்குப் போனவர். உலகப் புகழ் பெற்றவர். அவர் 1967-இல் இறந்து பல ஆண்டுகளுக்குப் பிறகுதான், அருங்காட்சியகத்திலிருந்து பிறர் சேகரித்த பறவைகளைத் திருடி, தாமே பிடித்ததாகச் சீட்டு மாற்றி ஒட்டியிருக்கிறார் என்பது வெளியாயிற்று. அவற்றுள் ஒன்று, காட்டில் வாழும் நம் நாட்டுச் சிற்றாந்தை ஒன்று. 1880-களுக்குப் பிறகு அதை உயிரோடு பார்த்ததாக நம்பத்தகுந்த சான்றே இல்லை. இவர் மட்டும் 1914-இல் குஜராத்தில் பிடித்ததாகச் சீட்டு எழுதிவைத்திருந்தார். தேடிப் போனவர்களுக்கு அந்தச் சீட்டும் ஒரு வழிகாட்டியாக இருந்தது. ஆந்தை கிடைக்கவில்லை. 1997-இல் பமீலா ராஸ்முசென் என்ற அமெரிக்க அம்மையாரும் நண்பர்களும் அந்தச் சீட்டை ஒதுக்கிவிட்டு, உண்மையான பழைய குறிப்புகள் காட்டிய இடங்களைத் தேடிப் போனார்கள். மகாராஷ்டிரத்தில், சாத்புரா மலையடிவாரத்தில், ஒரு நூற்றாண்டுக்கு மேல் காணாமற்போயிருந்த ஆந்தை மரத்தில் உட்கார்ந்திருந்தது!

"ஒரு சீட்டுத்தான் சார். ஒரு சின்னப் பொய்" என்று முடித்தார் பேராசிரியர்.

எனக்கும் அந்தக் கர்னலுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்தான். நான் ஒன்றும் திருடவில்லை. என்றாலும் ஒரு விஷயம் அப்போது விளங்கிற்று. நாவலில் நான் எழுதுவது பொய் என்று வாசகருக்கு அட்டையைப் பார்த்தபோதே தெரியும். தெரிந்துதான் உள்ளே வருகிறார். அது நாங்கள் இருவரும் சேர்ந்து ஆடுகிற ஆட்டம். ஆனால் ‘பார்த்தேன்’ என்ற சொல் அப்படிப்பட்டதல்ல. உலகத்தில் நாம் அறிந்தவற்றில் நம் கண்ணால் கண்டவை எத்தனை? கைப்பிடி அளவுகூட இராது. மற்ற அனைத்தும், ‘நான் பார்த்தேன்’ என்று யாரோ ஒருவர் சொன்னதை நம்பி ஏற்றுக்கொண்டவை. அது வழிப்போக்கர்களுக்காக வைத்த கைகாட்டி மரம். நான் அதைத் திருப்பி வைத்தால், வழி தவறப்போகிறவர் யார் என்பதுகூட எனக்குத் தெரியாது. ‘யாருக்கு நஷ்டம்?’ என்று கேட்க எனக்கு உரிமை இல்லாததற்குக் காரணமும் அதுதான்.

நாகப்பட்டினம் தாண்டி ஒரு டீக்கடையில் வண்டி நின்றது. பேராசிரியரைத் தனியே அழைத்து, "நான் அந்தப் பறவையைப் பார்க்கவில்லை" என்று சொல்லிவிட்டேன்.

அவர் கோபிப்பார் என்று எதிர்பார்த்தேன். அல்லது சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். இரண்டும் இல்லை. டீத் தம்ளரைக் கீழே வைத்தார். "புத்தகத்தில் திருத்திவிடலாம், அது பெரிதில்லை. உங்களுக்குக் காட்டிவிட்டேன் என்று காலையிலிருந்து சந்தோஷமாக இருந்தேன்" என்றார். அவ்வளவுதான். ஆனால் அந்த முகத்தில் வெளிச்சம் தணிந்ததை நான் பார்த்தேன். இதை நான் நிஜமாகவே பார்த்தேன்.

இப்போது புதிதாக ஒரு கேள்வி. என் நெஞ்சின் பாரம் இறங்கியது உண்மை. ஆனால் அதை எங்கே இறக்கி வைத்தேன்? அந்தக் கிழவரின் தோளில் அல்லவா? உண்மை சொன்னதுகூடச் சுயநலம்தானோ? பல நாள் யோசித்தேன். ஒன்று சொல்ல முடியும். அவருடைய சந்தோஷத்தை நான் உண்மையால் பறிக்கவில்லை. பொய்யால் கடன் கொடுத்திருந்தேன். கடனை வசூலிக்கும்போது வலிக்கத்தான் செய்யும். உண்மை சொல்லும்போது வருகிற வலியை உண்மையின் கணக்கில் எழுதுகிறோம். அது பழைய பொய்யின் வட்டி. காலை ஆறரை மணிக்கே சொல்லியிருந்தால் வட்டி ஒரு காசுகூட ஏறியிராது. வங்கி நண்பருக்கு இது தெரிந்திருந்தது.

சிதம்பரம் வரையில் பேராசிரியர் பேசவில்லை. வழியில் ஒரு பனங்காடைக்குக்கூட வண்டியை நிறுத்தச் சொல்லவில்லை. சிதம்பரம் தாண்டியதும் அவராகவே திரும்பி, "அப்படியானால் அடுத்த வருஷம் உங்களை மறுபடியும் அழைத்து வர வேண்டும்" என்றார். அப்போதுதான் நான் காலையில் எதை இழக்க இருந்தேன் என்று தெரிந்தது. பார்த்துவிட்டேன் என்று சொன்னவனுக்கு யார் மறுபடியும் காட்டுவார்கள்?

"நேற்று மாலை அதன் குரலைக் கேட்டேனே, அதையாவது எழுதலாமா?" என்று கேட்டேன்.

"நிச்சயமாகக் கேட்டீர்களா?"

"கேட்டேன்."

அவர் என்னைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு புத்தகத்தைத் திறந்து, ‘மூவர்’ என்பதை அடித்து ‘இருவர்’ என்று எழுதினார். முதல் நாள் பக்கத்தைப் புரட்டி, அங்கே என் பெயரைப் போட்டு, ‘குரல் மட்டும்’ என்று குறித்துக்கொண்டார்.