உப்பும் உப்புத்தாளும்

லண்டனில் அக்டோபர் முதல் ஏப்ரல் வரை, சாலை உறையக்கூடும் என்று தெரிகிற இரவுகளில் பாறை உப்பைத் தூவுகிறார்கள். பிரிட்டனின் மிகப் பெரிய பாறை உப்புச் சுரங்கம் செஷயரிலுள்ள வின்ஸ்ஃபோர்டில் இருக்கிறது. 1844இல் அங்கே உப்பு வெட்டத் தொடங்கினார்கள். வழுக்காமல் காக்கும் அதே உப்புதான் மோட்டார் சைக்கிளின் அலாய் வீலை அரிக்கிறது.

அலுமினியத்தின் மேல் இயல்பாகவே ஒரு மெல்லிய ஆக்சைடு படலம் உண்டு. கல் தெறித்துப் பெயின்ட் உடைந்த இடத்தில் உப்புநீர் புகுந்தால், அதிலுள்ள குளோரைடு அந்தப் படலத்தைத் துளைக்கிறது. பழைய வீட்டுச் சுவர் உப்புப் பூப்பதுபோல வெள்ளைப் பொடி பூக்கிறது. பெயின்டுக்கு அடியில் புழு ஊர்ந்த தடம்போல அரிப்பு பரவுகிறது. மேலே புதுப் பெயின்ட் அடித்தாலும் அடியில் அரிப்பு நிற்காது. பூசி மெழுகுவது என்று தமிழில் சொல்வது இதைத்தான்.

ஆகவே முதல் வேலை பழைய பெயின்டை உரிப்பது. டயரையும் பேரிங்குகளையும் பிரேக் டிஸ்கையும் கழற்றிவிட்டு ரிமூவர் தடவ வேண்டும். நிமிடங்களில் பெயின்டைக் கொப்பளிக்கவைத்த டைகுளோரோமீத்தேன் கலந்த ரிமூவர், அதன் ஆவி உயிருக்கே ஆபத்தானது என்பதால், 2011 டிசம்பருக்குப் பிறகு பொதுமக்களுக்கு விற்கப்படுவதில்லை. இப்போது கிடைப்பவை மணிக்கணக்கில் ஊற வேண்டும். அவசரப்பட்டுக் காஸ்டிக் சோடாவை எடுத்தால் அது பெயின்டோடு அலுமினியத்தையும் தின்றுவிடும். மிச்சத்தை உப்புத்தாள் பார்த்துக்கொள்ளும்: முதலில் 240 எண் தாள், பிறகு 400.

உரித்த பிறகுதான் சக்கரத்தின் உண்மை நிலை தெரியும். கார் கதவில் நெளிவு இருந்தால் பட்டி பார்த்து நிரவலாம். சக்கரத்தில் மயிரிழை விரிசல் கண்டால் அதைப் பட்டியால் மூடக் கூடாது. அந்தச் சக்கரம் சாலைக்கு உதவாது. அரைகுறையாக விட்டுவைத்த பழைய பெயின்ட் இந்தச் செய்தியைச் சொல்லாது.

உரித்த அலுமினியத்தில் ஆக்சைடு உடனே படியத் தொடங்கும் என்பதால், அன்றைக்கே எட்ச் பிரைமர் அடிப்பது நல்லது. டிஸ்க் உட்காரும் முகத்திலும் பேரிங் குழியிலும் பெயின்ட் படவே கூடாது. அங்கே ஒரு படலம் ஏறினாலும் பொருத்தம் கெடும். அழகு வேண்டாத இடங்களும் உண்டு. அவற்றை மாஸ்கிங் டேப் ஒட்டிக் காக்க வேண்டும்.

லண்டன் வீட்டின் பின்கட்டில் இதற்குத் தோதான நாட்கள் குறைவு. குளிரிலும் ஈரக்காற்றிலும் அடித்த பெயின்ட் வெளுத்து மங்கும். ஹார்டனர் கலந்து அடிக்கும் டூ-பேக் பெயின்ட் உறுதியானதுதான். ஆனால் அதிலுள்ள ஐசோசயனேட் ஆஸ்துமாவை உண்டாக்கும். வெளிக்காற்றுக் குழாய் பொருத்திய முகமூடி இல்லாமல் அதைத் தொடக் கூடாது. அந்த உறுதி வேண்டுமென்றால் பவுடர் கோட்டிங் பட்டறையிடம் கொடுத்துவிடலாம். எதைச் சொந்தக் கையால் செய்வது, எதை விடுவது என்று அறிவதும் வேலையின் ஒரு பகுதியே.

அக்டோபரில் உப்பு மறுபடி வரும். வீடு திரும்பியதும் சக்கரங்களைக் குளிர்ந்த நீரால் கழுவ ஐந்து நிமிடம் போதும். கழுவாமல் விட்டதைச் சரிசெய்யப் பல நாள் ஆகும்.